மூன்று மரக்கால் ஒலிபெருக்கி

அன்றைக்கு நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு, பானையின் தோளில் தாடையை அழுத்தி உட்கார்ந்திருந்தபோது, பாட நின்ற ஆறு பேரில் கமலா மட்டும் பாடவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? காதில் கேட்டதா? ஊகித்தீர்களா? பதின்மூன்று வருஷமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. விடை இல்லை. நீங்கள் இருந்தவரைக்கும் அழுத்திக் கேட்கத் துணியவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. ஆனால் நாளைக் காலைக்குள் எனக்கு ஒரு விடை வேண்டியிருக்கிறது.

மூன்று நாளாகப் பெய்த மழையில் பள்ளிச் சாமான் அறையின் ஓடு ஒழுகியிருந்தது. இன்று காலை கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. வெளியே மைதானமெல்லாம் நனைந்து கிடக்கிறது. அந்த மண் வாசனை வேறு. இது சுட்ட மண் தண்ணீர் குடிக்கும்போது வருவது. உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய உலக உருண்டைக்கும் பின்னால், பிரிமணையின் மேல், நம் பானை உட்கார்ந்திருந்தது. வாயில் பொருத்திய ஸ்பீக்கரின் மேல் யாரோ ஓர் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்ததால் கோன் நனையவில்லை. காகிதக் கோன் நனைந்தால் ஊறின அப்பளம் என்று மைக் செட் பாய் சொல்வார்.

ருக்மணியை நினைவிருக்கும். அந்த ஆறு பேரில் ஒருத்தி. இப்போது வேங்கிக்காலில் டீச்சராக இருக்கிறாள். போன வாரம் ஒரு கார்டு போட்டிருந்தாள். அவள் வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்குக் காது மந்தமாம். ஆனால் தட்டி அதிரவிட்ட இசைக்கவையைத் தாடையில் வைத்தால் சிரிக்கிறதாம். பாட்டு டீச்சரின் பானை இன்னும் இருந்தால் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். நாளைதான் சனிக்கிழமை.

கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் அம்மா ருக்மணி மூலமாக என்னிடம்தான் கேட்பாள்: இதில் ஒரு குரலை இன்னொரு குரலிலிருந்து பிரித்துக் கேட்க முடியுமா என்று. நீங்கள் அன்று உண்மையிலேயே கேட்டிருந்தால் அது ஒரு கருவி. சாமர்த்தியமாகச் சமாளித்திருந்தால் அது உர்ரென்று அதிரும் ஒரு பானை. பதினோரு வருஷம் அதை வைத்துப் பாடம் நடத்தினேனே, போதாதா என்பீர்கள். போதாது. பானை வருவதற்கு முன்னால் நாலு வருஷம் பானை இல்லாமலும் நடத்தினீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். பௌதிகம் படித்தவள், அடுத்த அறையில் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் மத்தியான இடைவேளையில் தம்புராவுக்குச் சுருதி பார்க்க இசைக்கவை கேட்டு வந்தீர்கள். நான் அதை ரப்பரில் தட்டி உங்கள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“அடிச்சீங்களா?” என்றீர்கள்.

ஒரு முழம் தள்ளி நின்ற எனக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் நீங்களே அதை வாங்கி, காம்பைத் தாடை எலும்பில் வைத்துக்கொண்டீர்கள். “ஆங். பாடுது.”

அதை எடுத்து மறுபடி காதருகே பிடித்தேன். ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். கேட்டது. கண்ணை மூடச் சொல்லி, சில தடவை அடித்தும் சில தடவை அடிக்காமலும் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட நீங்கள் ஏமாறவில்லை.

“எத்தனை நாளா?”

“நாலு வருஷமா. அப்படிப் பாக்காதீங்க டீச்சர், இன்னும் முழுச் செவிடு ஆகலை.”

“யாருக்குத் தெரியும்?”

“தம்புராவுக்குத் தெரியும். இப்போ உங்களுக்கு.”

தம்புராவின் தண்டில் கன்னத்தைச் சாய்த்து நீங்கள் பாடுவதை ஒரு பாவனை என்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் நாடகக்காரி என்றுகூட ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

வேலூர் டாக்டர் ஒருவர் அதை உறுதி செய்தார். காதுக்குள் இருக்கும் ஒரு குட்டி எலும்பு இறுகிவிட்டது, பெண்களுக்கு அதிகம் வரும், நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். காது மெஷின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். சந்தடியான இடத்தில் உங்களுக்கு நன்றாகக் கேட்கும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த வருஷ தீபத்தன்று தேரடித் தெருக் கூட்டத்தில் என் தங்கை என் காதருகே கத்தியது எனக்கு விளங்காமல் நின்றேன். நீங்கள் திரும்பி, “செருப்பை விட்டுட்டாங்களாம்” என்றீர்கள். சத்தத்தில் எல்லாரும் குரலை உயர்த்துகிறார்கள். சத்தமோ உங்கள் காதுக்குள் நுழைவதில்லை. காரணம் எளிதுதான். ஆனால் திருவண்ணாமலை முழுக்கச் செவிடாகிப் போன ஒரு சாயங்காலத்தில் நீங்கள் ஒருத்தி மட்டும் எல்லாருக்கும் செய்தி சொல்லிக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை.

தை மாதம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதாகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை பாட்டு வகுப்பை உட்கார்ந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. உங்கள் முகம் சுண்டிப்போனது. தெரிந்துவிட்டால் வேலை போகாது. தையல் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது டீச்சர். பசங்க அத்தனை பேரும் ஒத்தைக் கையோட சட்டை தைப்பாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்கு அடுத்த வாரம், காலி வகுப்பறையில், தம்புராவை மீட்டாமல் அதன் மேல் தலையை வைத்து நீங்கள் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றுதான் பாய் கடைக்குப் போனோம்.

தேரடித் தெருவில் கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிற பாய். பள்ளிக்கூட ரேடியோவுக்கு என்று சொல்லி வைத்தோம். அவர் முதலில் காட்டியது கூம்புக் குழாய்.

“இதை வெச்சீங்கனா மலை சுத்தறவங்களுக்கும் கேக்கும் டீச்சரம்மா.”

“இவங்க ஒருத்தருக்குக் கேட்டாப் போதும்” என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாய்க்கு அப்போது மேலுதட்டை மறைக்கிற மீசை. மறுநாள் நாம் போனபோது அதை ஒட்டக் கத்தரித்திருந்தார். “வீட்ல ஜாஸ்தியா இருக்குனு சொன்னாங்க” என்றார்.

எனக்கு ஒரு பத்திரிகையில் பார்த்த படம் மனதில் இருந்தது. அடிக்குரலுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், உச்சக் குரலுக்கு ஒரு சின்னது, நடுவில் பங்கு பிரிக்க ஒரு கண்டென்சர். விளக்கமாக வரைந்து காட்டினேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

“ஒரு பொண்ணோட குரலை ரெண்டு பேர் பங்கு போட்டுப் பாடினா அது எந்தப் பொண்ணுனு எனக்கு எப்படித் தெரியும்?”

“சரியாச் சொன்னீங்க” என்றார் பாய். “ஒரே ஆளு, கீழேருந்து மேல வரைக்கும். சுமாராத்தான் பாடுவான். ஆனா ஒரே ஆளு.”

பாயின் மர அலமாரியில் அப்படிப்பட்ட ஆட்கள் மூன்று விதமாக இருந்தார்கள். ரேடியோகிராமிலிருந்து கழற்றிய பன்னிரண்டு அங்குலம். அதில் குழந்தைகளின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஐந்தங்குலம், அது கொசு. மூன்றாவது எட்டங்குலம். பெரிய காகிதக் கோனின் நடுவில் இன்னொரு குட்டிக் கோன் ஒட்டியிருந்தது, பூவுக்குள் பூ மாதிரி. மேல் ஸ்வரங்களை அந்தக் குட்டி பார்த்துக்கொள்ளும் என்றார் பாய். அதே மாதிரி இரண்டு இருந்தன. எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் இரண்டு கையின் விரல்களையும் கோனின் மேல் பரப்பி, மெதுவாக அழுத்தி விட்டீர்கள். “இது உள்ளே உரசுது” என்று ஒன்றைத் தள்ளி வைத்தீர்கள். பாய் அதைக் காதருகே வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, காயிலு, அந்தக் கம்பிச் சுருள், உரசுது” என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது.

நான் என் வழியில் சோதித்தேன். கோனின் மேல் கோலமாவைத் தூவி, மைக்குக்கு முன்னால் ஒவ்வோர் இசைக்கவையாகத் தட்டினேன். எந்தக் கவைக்கு மாவு குதிக்கிறது, எதற்குச் சும்மா கிடக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பாய் கடையெல்லாம் மாவு. வெளியே போன ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “கடை தொறந்த நாளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஸ்பீக்கர் கிடைத்தது. அதற்கு வீடு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் ஒரு பழைய கதவுப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுப் பொருத்தினோம். மேல் ஸ்வரம் தெளிவாக இருந்தது; அடி ஸ்வரம் காணாமல் போனது. கோன் முன்னால் தள்ளுகிற காற்றும் அதே சமயம் பின்னால் இழுக்கிற காற்றும் பலகையின் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன என்று விளக்கினேன். “ரெண்டு பேர் எதிரும் புதிருமா மலை சுத்திட்டு வந்து அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில முட்டிக்கிட்ட மாதிரி” என்றீர்கள். அதற்கு மேலான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இப்போதும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

அடுத்தது தேயிலைப் பெட்டி. பின்பக்கக் காற்று வெளியே வராமல் மூடிவிட்டோம். அடி ஸ்வரம் வந்தது, அதோடு பெட்டியும் வந்தது. தட்டையான பலகைகள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஸ்வரத்தில் எதிர்ப்பாட்டுப் பாடின. ஆணிகள் தாளம் போட்டன. தாடையை வைத்துப் பார்த்து உடனே எடுத்துவிட்டீர்கள். “இதுல பொண்ணுங்க பாடலை. பெட்டிதான் பாடுது.”

பானை உங்கள் யோசனை. உங்கள் வீட்டு அரிசிப் பானையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் தெருவில் வண்டி போவது தெரியும் என்றீர்கள். எனக்கு அந்தக் காரணத்தில் நம்பிக்கை வரவில்லை. வேறு காரணத்துக்காக ஒத்துக்கொண்டேன்: பானைக்குத் தட்டையான சுவர் இல்லை, மூலை இல்லை, சுட்ட மண் விறைப்பானது. ஆகவே அது அதிராது. ஸ்பீக்கரின் குரல் மட்டும் வெளியே வரும். அதிராத பானை எனக்கு வேண்டும், அதிர்கிற பானை உங்களுக்கு வேண்டும். இருவரும் ஒரே பானையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடி அண்ணாமலைப் பானைக்காரரிடம் போனோம்.

அதற்கு முன்னால் நான் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன். கோனின் அளவு, அது தானாக ஆடும் ஸ்வரம், அதற்குப் பின்னால் எவ்வளவு காற்று இருக்க வேண்டும். வந்த விடையை நம் ஊர் அளவுக்கு மாற்றினால் மூன்று மரக்கால். பானைக்காரரிடம் மூன்று மரக்கால் நெல் கொள்ளும் பானை, வாய் வட்டம் இவ்வளவு என்று நூலில் அளந்து கொடுத்தேன். அவர் மனைவி அந்த நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“வாய் இவ்வளவு கணக்கா வேணும்னா அதுல என்னம்மா ஊத்தப் போறீங்க?”

“பாட்டு” என்றீர்கள் நீங்கள்.

“ஊத்துங்க, ஊத்துங்க. ஓட்டையா இருந்தா எங்களைக் குத்தம் சொல்லாதீங்க.”

பானை வந்தது. பார்த்த கண்ணுக்கே பெரிதாக இருந்தது. சந்தேகப்பட்டு, நெல் வாங்கி, மரக்காலைத் தலை தட்டி அளந்து கொட்டினேன். மூன்று கொட்டியும் நிரம்பவில்லை. ஏறக்குறைய நாலு கொண்டது. கோபமாகத் திரும்பிப் போனேன். பானைக்காரர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார்.

“மூணு மரக்கால்தாம்மா. குவிச்சு அளந்து பாருங்க. வீட்டுக்கு நெல் கொட்டற பானைக்கு யாராச்சும் தலை தட்டி அளப்பாங்களா? வெளங்குமா அது?”

பட்டணத்தில் படித்த பட்டம் எல்லாம் அங்கே ஒன்றும் பேசவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர். என் வீட்டிலும் நெல்லைக் குவித்துத்தான் அளப்பார்கள். கணக்குப் போடும்போது அது எனக்கு நினைவே வரவில்லை. ஒவ்வொரு மரக்காலின் தலையிலும் நின்ற அந்தச் சின்னக் கோபுரங்கள் சேர்ந்து பானையைப் பெரிதாக்கிவிட்டன. பெரிதானதால் சுவர் அகன்று, மெலிதாகியிருந்தது. தட்டினால் நீளமாக ரீங்கரித்தது. என் கணக்குப்படி உதவாத பானை. வேறு செய்யச் சொல்ல நாள் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது, சூளை எரியாது.

மர வளையம் வெட்டி, அரக்கு வைத்து ஸ்பீக்கரை ஒட்டினோம். பழைய ரேடியோவின் உள்ளுறுப்புகளைக் கொண்டு பாய் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கட்டித் தந்தார். ருக்மணி மைக்கில் பாடினாள். பானை முழுக்க அதிர்ந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. உள்ளே அடைக்க இலவம்பஞ்சும், வெளியே சுற்ற ஈரச் சாக்கும் தயாராக வைத்திருந்தேன்.

நீங்கள் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்து, தாடையைப் பானையின் தோளில் வைத்தீர்கள். நான் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“சும்மா இருங்க டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். ருக்மணி பாடி முடித்தாள். மறுபடி பாடச் சொன்னீர்கள். மூன்றாம் தடவை பாடும்போது உங்கள் வலது கை தன் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. நான் சாக்கைக் கீழே வைத்துவிட்டேன். பஞ்சு மட்டும் பாதி போட்டேன். அதற்கே நீங்கள் முணுமுணுத்தீர்கள்.

இன்னொரு லாபமும் இருந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால் ஊளையிடும். உங்களுக்கு எலும்பு வழியாகப் போவதால் சத்தம் கம்மியாக வைத்தாலே போதும். “கம்மியா வைங்க, ஜாஸ்தி வெச்சா கத்தும், ஊருக்கே தெரிஞ்சுடும்” என்று பாய் திருகியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நானே மைக்கில் பாடிப் பார்த்தேன். “நீங்க பாடாதீங்க, பானை விரிசல் விட்டுடும்” என்றீர்கள். நான் பாடினால் எப்படி இருக்கும் என்பது பானை இல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அதனால் அதை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் பாடுகிறார்கள் என்று பார்க்காமல் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சோதனை வைக்கலாம் என்றேன். மறுத்துவிட்டீர்கள். “நம்மளுக்குள்ள பரீட்சை எதுக்கு டீச்சர்? பரீட்சை வைக்கத்தான் ஒருத்தங்க வராங்களே.” நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். அது சரியாகவும் இருக்கலாம்.

பானை ரேடியோவுக்கு என்று சொல்வதாகத்தான் நமக்குள் ஏற்பாடு. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உள்ளே வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது என்ன, அரிசிப் பானையா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

“எனக்குக் காது கேக்காதுங்கம்மா. இதுல தாடையை வெச்சா கேக்கும்.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. குனிந்து, தானே பானையில் தாடையை வைத்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே.”

“உங்களுக்குக் காது நல்லா இருக்குங்கம்மா. அதான்.”

பின்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவர் சிரிக்கவில்லை. “அப்படினா சுவரைப் பாத்துத் திரும்பி உக்காருங்க. ஆறு பேர் சேர்ந்து பாடட்டும். குறை இருந்தா எனக்குச் சொல்லுங்க.”

நீங்கள் திரும்பி உட்கார்ந்தீர்கள். ஆறு பேரும் பாடினார்கள். முதல் அடி முடிந்து இரண்டாம் அடி. நான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. நீங்கள் பேசவில்லை. தாடையை எடுக்கவும் இல்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. போயிற்று, தையல்தான் என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னீர்கள்.

“ரெண்டாவது அடியில கமலா பாடலைங்க.”

கமலா தலையைக் குனிந்துகொண்டாள். தொண்டை கட்டிக்கொண்டது, வாயை மட்டும் அசைத்தேன் என்றாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு தையல் வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பாய்க்குச் செய்தி சொல்லப் போகிற வழியில், “எனக்கே நம்ப முடியலை டீச்சர்” என்று இரண்டு தடவை சொன்னீர்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கேட்டுச்சு” என்றீர்கள், மிக வேகமாக. உங்கள் முகத்தில் ஜெயித்த களையைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. புது ஆட்களைக் கண்டால் கமலாவுக்குக் குரல் அடைத்துக்கொள்ளும் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம். கேட்டவர் ஆச்சரியப்பட மாட்டார். குருட்டாம்போக்கில் கல்லை எறிந்து குறியில் அடித்துவிட்டவர்தான் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பதினோரு வருஷம், அடுத்த அறையில், நீங்கள் பாடம் நடத்துவதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு இந்தச் சந்தேகத்தோடு இருந்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் நீங்கள் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமல் போனபோதும் அது என்னோடுதான் இருந்தது.

நாளை ருக்மணியிடம் என்ன சொல்வது? எடுத்துக்கொண்டு போ, அதிர்வு தெரியும், அதற்கு மேல் எனக்கு நிச்சயமில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அதுதான் நேர்மை.

*

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ருக்மணி பத்து மணிக்கு ஜட்காவில் வந்தாள். பானையைச் சுற்ற இரண்டு பழம் புடவை கொண்டுவந்திருந்தாள். நான் சொல்ல நினைத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அன்றைக்குக் கமலா விஷயத்தில் பாட்டு டீச்சர் ஊகித்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே நின்றாள்.

“டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“அன்னைக்குக் காலைல பாட்டு டீச்சர் என்னைத் தனியாக் கூப்ட்டாங்க. ‘ரெண்டாவது அடி வர்றப்ப நீ பாடாதே, வாயை மட்டும் அசை. நான் கண்டுபிடிச்ச மாதிரி உன் பேரைச் சொல்றேன்’னு சொல்லி வெச்சாங்க.”

நான் உடைந்த பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். ஊகம்கூட இல்லை, ஏற்பாடு.

“அப்புறம்?”

“அந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க டீச்சர். பயந்துட்டேன். பாடிட்டேன். கொஞ்சம் கத்தியே பாடிட்டேன்.”

“கமலாவுக்கு?”

“அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவளுக்கு நெஜமாவே தொண்டை அடைச்சுக்கிச்சு. பாட்டு முடிஞ்சதும் டீச்சர் என் பேரைச் சொல்லப்போறாங்க, மாட்டிக்கப்போறோம்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கமலா பேரைச் சொன்னாங்க.”

தன் குரல் நிற்பதற்காக நீங்கள் காத்திருந்தீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அது நானே போட்ட கணக்கு. ருக்மணியின் குரல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அதற்குப் பதில் வேறொரு குரல் நின்றது. சொல்லி வைத்த பேரைச் சொல்வதா, பானை சொன்ன பேரைச் சொல்வதா என்றுதான் அவ்வளவு நேரம் தாடையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். பானையை நம்பினீர்கள். அதனால்தான் சாயங்காலம் வரைக்கும் அந்த ஆச்சரியம்.

ஒரே ஒரு சாட்சி, அதுவும் பதின்மூன்று வருஷம் கழித்து. மற்ற எதற்காக இருந்தாலும் போதாது என்பேன். ஆனால் தன் மேலும் உங்கள் மேலும் பழி வருகிற ஒரு கதையை அவள் கட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஏமாற்றப் பார்த்தீர்கள் என்பதையும், பிறகு கேட்டீர்கள் என்பதையும் சேர்த்தே.

பழைய ஆம்ப்ளிஃபையரை இணைத்துப் பார்த்தோம். சூடாக நேரம் ஆனது, பிறகு பேசியது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தாடையைப் பானையில் வைத்தேன். ருக்மணி மைக்கில் மெல்லப் பாடினாள். எனக்குக் காது நன்றாக இருப்பதால் அதிகம் தெரியவில்லை. ஆனால் அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது தெரிந்தது.

“அந்தப் பொண்ணோட அம்மா கேட்டா என்ன டீச்சர் சொல்ல?”

“இதுல கேக்கும்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

பானையைப் புடவையில் சுற்றி, இரண்டு பேருமாகத் தூக்கி ஜட்காவில் ஏற்றினோம். வண்டிக்காரர் உள்ளே என்ன என்று கேட்கவில்லை. பிரிமணையை மட்டும் சரியாகப் போடச் சொன்னார். ருக்மணி ஏறி உட்கார்ந்து அதை மடியோடு அணைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது தலையை நீட்டினாள்.

“டீச்சர், பசங்க கையில ஒருநாள் உடைஞ்சுடும். இன்னொண்ணு செய்யச் சொல்லணும்னா எத்தனை மரக்கால்னு சொல்றது?”

“மூணு” என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: “குவிச்சு அளக்கச் சொல்லு.”